திங்கட்கிழமைக்கு ஒரு பதில்

வெள்ளி, பகல்.

சென்னையிலிருந்து கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்காவுக்கு ஒரு மணி நேரம்தான். மதுரையிலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்ததுதான் உண்மையான பயணம். எதிர் பெர்த்காரரின் குறட்டையில் கண் மூடவில்லை. விமானத்தில் கொடுத்த கேக்கைத் தின்று முடிப்பதற்குள் கீழே தென்னந்தோப்பு வந்துவிட்டது.

போனது ஆசிய சட்ட மாணவர்களின் விவாத மாநாட்டுக்கு. மரண தண்டனை, மதமாற்றத் தடை, பெண்ணின் திருமண வயது என்று, வீட்டில் பேசினால் சோறு கிடைக்காத விஷயங்களாகப் பார்த்துத் தலைப்பு வைத்திருந்தார்கள். சண்டை நடக்கிற ஊருக்குப் பெண்பிள்ளை எதற்கு என்று அப்பா குதித்தார். சண்டை வடக்கே, கொழும்பு தெற்கே என்று அட்லஸைக் காட்டி அவர் வாயை அடைத்தேன். எங்கள் சட்டக் கல்லூரியில் என் வாயை அடைக்க ஆள் இருந்ததில்லை. அந்தத் திமிரோடுதான் இறங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விமான நிலையத்திலிருந்து நான் தங்கவிருந்த வெள்ளவத்தை நாற்பது கிலோமீட்டர் இருக்கும். வேன் வாடகை ஆயிரத்து இருநூறு, அவர்கள் ரூபாயில். ஓட்டுநர் கொழும்பு முஸ்லிம். பெயர் கேட்டதற்கு, நானா என்று கூப்பிட்டால் போதும் என்றார். அண்ணன் என்று அர்த்தமாம். பேலியகொடை தாண்டிப் பாலம் வருவதற்கு முன்னால் அவராகவே சொன்னார்.

"மிஸ், செக்பொயின்ட்ல நீங்க தமிழ்ல ஒண்ணும் பேசாதீங்க. பாஸ்போர்ட்ட கையில வெச்சுக்கோங்க. நா பேசிக்கிறன்."

சிப்பாய் எட்டிப் பார்த்தான். என்னைவிடச் சின்னவனாகத்தான் இருப்பான். நானா சிங்களத்தில் ஏதோ சொல்ல, பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகவிட்டான். பக்கத்து வரிசையில் ஒரு இளைஞனின் பையைத் தரையில் கொட்டியிருந்தார்கள். கைலி, தலைக்கு வைக்கிற எண்ணெய், பூட்டுப் போட்ட ஒரு சின்னப் பெட்டி. கேட்டவர் மெதுவாகக் கேட்டார், அவன் மெதுவாகச் சொன்னான். எங்கள் ஊர்ப் போலீஸ்காரர் லத்தியை ஆட்டிக் கத்துவார், திருப்பிக் கத்தவும் நாலு பேர் இருப்பார்கள். இங்கே அத்தனை வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லை.

மாநாட்டுக்காரர்கள் என்னைத் தங்கவைத்தது, அங்கே பேசவிருந்த சாருமதியின் வீட்டில். கொழும்பில் சட்டம் படிக்கிறாள், யாழ்ப்பாணத்துப் பெண், என் வயதுதான். கடலுக்கு இறங்கும் சந்து ஒன்றில் மாடி வீடு. அம்மாவும் மகளும் வாடகைக்கு இருந்தார்கள். படி ஏறியதும் வழக்கம்போலச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சாருவின் அம்மா என் பின்னாலேயே வந்து, குனிந்து, என் செருப்பைத் தன் கையால் எடுத்து உள்ளே கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் வைத்தார். நான் பதறிப்போனேன். பெரியவர்கள் என் செருப்பைத் தொடுவதாவது!

"வெளியில கிடந்தா வீட்டில எத்தினை பேர் எண்டு எண்ணுவினம், பிள்ளை," என்றார். "இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

அப்போதுதான் கவனித்தேன். அந்தப் படிக்கட்டில் எந்த வீட்டு வாசலிலும் ஒரு செருப்பு இல்லை. உள்ளே ஆள் நடமாடும் சத்தம் மட்டும் கேட்டது.

வெள்ளி, மாலை.

தொடக்க விழா கொள்ளுப்பிட்டியில் ஒரு மண்டபத்தில். காலி என்ற ஊருக்குப் போகிற காலி வீதியில் பஸ்ஸில் போனோம். ஜப்பான், பிலிப்பைன்ஸ், மலேசியா, நேபாளம், பங்களாதேஷ் என்று முகங்கள். குலுக்கல் போட்டுத் தலைப்பும் கட்சியும் கொடுப்பார்கள். சீட்டில் வந்த கட்சியைத்தான் பேச வேண்டும், சொந்த அபிப்பிராயத்துக்கு மரியாதை கிடையாது. விவாதக்காரர்களின் தொழில் தர்மம் அது.

எனக்கு வந்த தலைப்பு: நாட்டுக்கு ஆபத்து வரும்போது விசாரணையின்றி ஒருவரை அடைத்து வைப்பது நியாயமே. நான் எதிர்க்க வேண்டும். மனதுக்குள் துள்ளிக் குதித்தேன். இதைவிடச் சுலபமான கட்சி உண்டா! ஆதரிக்கிற சீட்டு நேபாளத்துப் பையனுக்கு வந்தது. அவன் முகம் செத்துவிட்டது. அப்போது சாரு எழுந்து அவனிடம் போய், தன் சீட்டைக் கொடுத்து அவனுடையதை வாங்கிக்கொண்டாள். அவள் சீட்டில் இருந்தது மரண தண்டனை ஒழிப்பு, அல்வா மாதிரித் தலைப்பு. இவளுக்கு என்ன பைத்தியமா என்று நினைத்தேன். கேட்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

சனி, முற்பகல்.

எங்கள் விவாதம் ஞாயிற்றுக்கிழமைதான். கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டும், வருகிறீர்களா என்று சாரு கேட்டாள். கையில் ஒரு பை. இரண்டு பஸ் மாறி, மாரியம்மன் கோயிலைத் தாண்டி ஒரு லொட்ஜுக்குக் கூட்டிப்போனாள். வெளிநாடு போவதற்கு விசாவுக்குக் காத்திருக்கிற வடக்குப் பையன்கள் தங்குகிற இடம். நீளமான நடை, இரண்டு பக்கமும் அறைகள். எல்லாக் கதவும் விரியத் திறந்திருந்தன. ஒவ்வொரு கட்டில் ஓரத்திலும் ஒருவன் உட்கார்ந்திருந்தான். நடுப்பகலில், அந்தப் புழுக்கத்தில், முழுக்கைச் சட்டை பொத்தான் போட்டு, ஷூ மாட்டி, சட்டைப் பையில் அடையாள அட்டை துருத்திக்கொண்டு தெரிய. யாரும் பேசவில்லை, படிக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள்போல இருந்தார்கள். ஆனால் அந்த நடைக்குள் எந்த பஸ் வரப்போகிறது?

மனேஜர் மலையகத்துக்காரர். நான் திறந்த கதவுகளையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "சாத்தியிருந்தா தட்டுவாங்கம்மா. தொறக்க ஒரு நிமிஷம் சுணங்கினா அதுக்கு ஒரு கேள்வி வரும். தொறந்தே கெடந்தா தட்டுற வேலையே இல்ல பாருங்க," என்றார்.

சாரு ஒரு அறைக்குள் போனாள். அந்தக் கட்டிலில் இருந்த பையன் எழுந்து, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். சுவரில் ஆணியில் ஒரு நீலச் சட்டை. அதை எடுத்துப் பையில் வைத்தாள். பையிலிருந்து துவைத்து மடித்த வேறொரு சட்டையை எடுத்து உதறி அதே ஆணியில் மாட்டினாள். தோள்பட்டையை நேராக்கினாள். யாருடையது என்று கேட்டேன்.

"அண்ணாவின்ர."

அவர் எங்கே என்று கேட்டேன். வெளியே வந்து கோயில் மதிலோரம் நின்றுதான் சொன்னாள். எட்டு மாதத்துக்கு முன் இந்த லொட்ஜைச் சோதிக்க வந்தவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்குப் போடவில்லை. குற்றம் என்று எதுவும் சொல்லவில்லை. விட்டால் முதலில் இங்கேதான் வருவார், அதனால் அவர் சாமான் இங்கே இருக்க வேண்டும் என்றாள். வாரா வாரம் வந்து மாற்றுவாளாம். யாரும் போடாத சட்டையை ஏன் துவைக்கிறாய் என்று கேட்க நினைத்து அவள் கையிலிருந்த பையைப் பார்த்தேன். அவளே, "தூசு பிடிக்குமெல்லே," என்றாள்.

சனி, மாலை.

பால்கனியில் நின்று என் பேச்சை ஒத்திகை பார்த்தேன். எனக்குச் சத்தமாகப் பேசினால்தான் வரும். "எந்த அரசுக்கும் உரிமை இல்லை" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். எதிர் மாடியில் ஒரு ஜன்னல் சாத்தப்பட்டது. நான் கையை நீட்டி அடுத்த வரிக்குப் போனேன். பக்கத்து ஜன்னல் சாத்தப்பட்டது. அப்புறம் அதற்குக் கீழே. கோபமாக அறைந்து சாத்தவில்லை, குழந்தை தூங்குகிற வீட்டில் சாத்துவதுபோல ஒவ்வொன்றாக, கடல் பக்கம் வரை சாத்திக்கொண்டே போனார்கள். ஒரு முகம்கூடத் தெரியவில்லை.

சாருவின் அம்மா வந்து என் தோளைத் தொட்டார். "குசினிக்க நிண்டு பேசுங்கோ பிள்ளை. பைப்பைத் திறந்துவிட்டிட்டுப் பேசுங்கோ."

சமையலறைக்குள் போய் அப்படியே செய்தேன். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் நின்று மனித உரிமை பேசினேன். சாரு கதவில் சாய்ந்து கடைசிவரை கேட்டாள். பிறகு, சீட்டு மாற்றிய காரணத்தைச் சொன்னாள்.

"அண்ணாவைப் பிடிச்சு வைச்சிருக்கிற ஒஃபீசுக்கு ஒவ்வொரு திங்களும் போறனான். ஒரு பெரிய ஐயா இருக்கிறார். ஏச மாட்டார். கதிரை தந்து இருக்கச் சொல்லி, மரியாதையாத்தான் கதைப்பார். அவர் சொல்லுறதுக்கு எனக்குப் பதில் வாறேல்லை, சட்டம் படிச்சும் வாறேல்லை. நாளைக்கு அவர் சொல்லுறதை நான் மேடையில சொல்லுறன். நீங்கள் என்னைத் தோக்கடிக்கோணும். என்ன சொல்லித் தோக்கடிக்கிறியள் எண்டு பாத்து, அதைத் திங்கட்கிழமை கொண்டு போவன்."

தோற்கடித்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்.

ஞாயிறு.

மண்டபம் நிறைந்திருந்தது. நடுவர்கள் மூன்று பேர். கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட உள்ளூர்க்காரர் ஒருவர் காலைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். யாரோ பேராசிரியர் என்று நினைத்தேன்.

மாநாட்டு மொழி ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன். சாரு மேடைக்கு வந்து ஒலிவாங்கியைச் சரிசெய்தாள். அவள் குரல் மாறியது. தாழ்ந்தது, கனிந்தது, வயதானது.

"உட்காருங்கள், நங்கி," என்று ஆரம்பித்தாள். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. "தேநீர் குடிக்கிறீர்களா? உங்கள் அண்ணன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. செய்திருந்தால் நீதிமன்றத்துக்கு அனுப்பியிருப்பேன். செய்யாததால்தான் என்னிடம் இருக்கிறார். நாளைக்கு அவர் செய்யமாட்டார் என்று நீங்கள் எழுதித் தருவீர்களா? தரலாம், நீங்கள் தங்கை. நான் யாருடைய அண்ணனையும் நம்பி ஒரு பஸ்ஸை ஓடவிட முடியாது. அந்த பஸ்ஸில் உங்கள் அம்மாவும் இருக்கலாம்."

கடைசி வரிசைக்காரர் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். குற்றம் நிரூபிக்கப்படாதவன் நிரபராதி என்றேன். "அதைத்தானே நானும் சொல்கிறேன், நிரபராதிதான்," என்றாள். நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்றேன். பார்க்கும், ஆபத்து தீரட்டும் என்றாள். ஆபத்து தீர்ந்ததென்று யார் சொல்வது என்று மடக்கினேன். "நீங்கள் சொல்வீர்களா, நங்கி? சொல்லிவிட்டு, தவறிப்போனால் செத்தவர்களின் தாய்மாருக்கு முன்னால் வந்து நிற்பீர்களா?" என்றாள். ஜனநாயக நாட்டில் இது நடக்கலாமா என்று குரலை உயர்த்தினேன். உங்கள் இந்தியாவிலும் விசாரணையில்லாமல் வைக்கிற சட்டம் இருக்கிறதே, அங்கே என்ன பதில் சொன்னார்கள், எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றாள். அதைக் கேட்கும்போது மட்டும் அது அவளுடைய சொந்தக் குரலாக இருந்தது. கண் என்மேலேயே இருந்தது. கெஞ்சியது.

படித்த தீர்ப்புகள் எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்கே அவை காகிதமாகக் கேட்டன.

நடுவர்கள் மூவரும் அவளுக்கே கொடுத்தார்கள். மாநாட்டிலேயே சிறந்த பேச்சு என்றார்கள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. கடைசி வரிசைக்காரரும் தட்டினார். சாரு கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கி நேராக என்னிடம் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"வேற பதில் ஒண்டும் இல்லையா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். எனக்கு அழுகை வந்தது, அவள்மேல் கோபமும் வந்தது. ஏன் இவ்வளவு நன்றாகப் பேசித் தொலைத்தாய் என்று கேட்டேன். "குறைச்சுச் சொன்னா ஏமாத்து வேலையெல்லே. அங்க அவர் குறைச்சுச் சொல்ல மாட்டார்," என்றாள்.

திங்கள்.

எனக்கு மாலை விமானம். காலையில் அவளோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். வெளிநாட்டுக்காரி என்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எதிரே மரத்தடியில், வந்த ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த வாசலில் பெண்கள்தான் நின்றார்கள். எல்லாரும் நல்ல சேலை கட்டிக் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள்போல இருந்தார்கள். மற்ற நாள்களில் அரை மணி ஆகும் என்று சொன்னவள் போன சுருக்கில் திரும்பி வந்தாள்.

ஆட்டோ காலி வீதிக்கு ஏறியது. பிறகு சொன்னாள். நேற்றுக் கடைசி வரிசையில் இருந்தவர்தான் அந்த ஐயா. அவள் உள்ளே போனதும் எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னாராம். ஆனால் நாற்காலியைக் காட்டவில்லையாம். "இனி நான் உங்களுக்கு விளக்க ஒன்றுமில்லை நங்கி. என்னைவிட நன்றாக உங்களுக்கே தெரிந்திருக்கிறது. போய் வாருங்கள்," என்றாராம்.

"அதில உண்மையா எனக்குப் பாராட்டுத்தான் சொன்னவர்," என்றாள். "பகிடி பண்ணேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு."

அந்த ஆளைப் போய் நாலு வார்த்தை கேட்கிறேன், ஆட்டோவைத் திருப்பச் சொல் என்றேன். என் கோபம் எனக்கே சிரிப்பாக இருந்தது. என்ன நாலு வார்த்தை? இருந்த எல்லாவற்றையும் நேற்றே சொல்லித் தீர்த்திருந்தேன்.

"மண்டபத்தில மூண்டு நடுவர் இருந்தவை," என்றாள் சாரு. "நீங்கள் வெண்டிருந்தாலும் ஒண்டுதான். இங்க அவர்தான் பேச்சாளர், அவர்தான் நடுவர்."

அடுத்த திங்கள் போவாயா என்று கேட்டேன். ஓம் என்றாள். இனிப் போய் என்ன சொல்வாய் என்று கேட்டேன். அவள் ஆட்டோக்காரரிடம் சந்துக்குள் திரும்பச் சொன்னாள். வீட்டில் அவள் அம்மா கோப்பையைப் பழந்துணியில் சுற்றி அலமாரிக்கு அடியில் தள்ளியிருந்தார். எனக்கு இடியப்பமும் சம்பலும் பொதி கட்டிக் கொடுத்தார்.

திங்கள், இரவு, சென்னை.

இமிக்ரேஷன் சோதனையில் எனக்கு வாய்த்தவர் நல்ல மனிதர், மீசை நரைத்தவர். கொழும்புக்கு எதுக்கும்மா போனீங்க என்றார். பேச்சுப் போட்டிக்கு என்றேன். ஜெயிச்சீங்களா என்றார்.

"தோத்துட்டேன் சார்."

முகத்தைப் பார்த்தார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டு, பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டே சிரித்தார்.

"இதுக்குப் போயா இப்பிடி? பேச்சுதானம்மா. அதுல தோத்தா யாருக்கு என்ன ஆயிடப்போகுது?"

பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர் தள்ளினார். நகர்ந்து வெளியே வந்துவிட்டேன்.