கடன் வாங்கிய பீரியட்

விளையாட்டு பீரியட் என்பது கணக்கு டீச்சருக்கு எழுதி வைத்த சொத்து என்றுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கால அட்டவணையில் மட்டும் அது விளையாட்டு டீச்சரிடம் இருந்தது. பிள்ளைகள் பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, கணக்கு டீச்சர் சாக்பீஸ் டப்பாவோடு வகுப்பு வாசலில் வந்து நிற்பார். "டீச்சர், இந்த ஒரு பீரியட் மட்டும் கடனாக் குடுங்க, போர்ஷன் முடியல" என்பார். கேட்பது போலத்தான் இருக்கும், ஆனால் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். பிள்ளைகள் முகம் தொங்கிப்போய்த் திரும்ப உட்காருவார்கள். வாங்கிய கடன் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

விளையாட்டு டீச்சரைப் பிள்ளைகள் விசில் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். கழுத்தில் கயிறு கட்டிய விசில், காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ, வெயிலில் கறுத்த முகம், மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் போகும் குரல். சாது என்று யாரும் அவளைச் சொல்ல முடியாது. ஆனால் வேலையில் சேர்ந்த புதிதிலேயே புருஷன் செத்துப்போனான், கையில் ஒரு பெண் குழந்தை. தலைமையாசிரியரிடம் முறுக்கிக்கொண்டு நிற்கிற நிலைமையில் அவள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பீரியட் பீரியடாகத் தாரை வார்த்தாள்.

ஒரே ஒருமுறை ஆசிரியர் அறையில் வாயைத் திறந்தாள். ஓடிவிட்டு வரும் பிள்ளைகள்தான் அடுத்த வகுப்பில் ஒழுங்காகப் பாடம் கேட்கிறார்கள், நாள் முழுக்க பெஞ்சில் கட்டிப்போட்டு வைத்த பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்று அவள் பார்த்து வைத்திருந்தாள். "கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அப்புறம் உங்க கணக்கைச் சொல்லிக்குடுத்துத்தான் பாருங்களேன் டீச்சர்" என்றாள்.

கணக்கு டீச்சர் விடைத்தாள் கட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஓடினா பசி வரும் டீச்சர். அறிவு எங்கேர்ந்து வரும்?" என்றார். அறையே விழுந்து விழுந்து சிரித்தது.

அதையாவது தூசு மாதிரி தட்டிவிட்டிருப்பாள். அவளால் தட்டிவிட முடியாதது அதற்கடுத்த வருஷம் நடந்தது.

அவள் மகள் அதே பள்ளிக்கூடத்தில் படித்தாள். அந்த வட்டாரத்திலேயே அவளைப்போல் ஓடுகிற பெண் கிடையாது. பள்ளிகளுக்கிடையே ஓட்டப் போட்டி வைத்திருந்த அன்று மதியம், வேன் கேட்டுக்கு வெளியே உறுமிக்கொண்டு நின்றது. மகளோ கணக்கு வகுப்பில், மூன்றாவது பெஞ்சில், புது நீல ஷூவைப் பைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது விளையாட்டு பீரியட்தான். வழக்கம்போலக் கடன் போயிருந்தது. விசில் டீச்சர் ஓட்டமாக ஓடி வாசலில் போய் நின்றாள்.

"டீச்சர், பொண்ணை அனுப்புங்க. வேன் கிளம்பப்போகுது."

"டெஸ்ட் முடியாம யாரும் எழுந்திருக்கக் கூடாது."

"இந்த ஒரு தடவை டீச்சர். தயவுசெஞ்சு."

கணக்கு டீச்சர் அவளைப் பார்க்கவில்லை, வகுப்பைப் பார்த்துச் சொன்னார். "உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருந்திருந்தா கையில விசிலா இருந்திருக்கும்? உங்க பொண்ணையாவது விட்டு வைங்க டீச்சர்."

வகுப்பு சிரித்தது. கூடவே மகளும் சிரித்தாள்.

பயத்தில் சிரித்திருக்கலாம். நாலு பேரோடு சேர்ந்து சிரித்திருக்கலாம். பெற்றவளுக்கு அந்த நியாயமெல்லாம் எடுபடவில்லை. வேன் போய்விட்டது. அதற்கப்புறம் மகள் மைதானத்துப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை, நீல ஷூ பரணுக்குப் போனது. அன்றைக்கு விசில் டீச்சர் மனசுக்குள் கறுவிக்கொண்டாள். ஒருநாள் இந்தப் பொம்பளையை என் மகள் எதிரில் நிற்கவைப்பேன், சொன்ன அதே வாயால் மன்னிப்புக் கேட்கவைப்பேன். அப்போது சொல்வதற்கென்று ஒரு பதிலையும் தயார் பண்ணி வைத்தாள். குளிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, வேண்டாத வார்த்தைகளைக் கழித்து, கடைசியில் இப்படி நின்றது: 'இப்ப சொல்லுங்க டீச்சர், யாருக்கு மூளை இல்ல?'

இருவரும் ஓய்வு பெற்றார்கள். மகள் படித்து, வேறு ஊரில் ஆபீஸ் வேலைக்குப் போனாள். பதில் மட்டும் சொல்ல ஆள் கிடைக்காமல் வாய்க்குள்ளேயே கிடந்தது.

ஒருநாள் கணக்கு டீச்சரின் மகன் தேடிக்கொண்டு வந்தான். அவனும் விசில் டீச்சரிடம் ஓடிப் பழகியவன்தான்.

"அம்மாவுக்கு மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல சின்ன அடைப்பு வந்துடுச்சு டீச்சர். கை கால் தப்பிச்சுது. ஞாபகம்தான் போயிடுச்சு. அடுப்பை அணைக்க மறக்கறாங்க. பேரன் பேரு வரல. டாக்டர் தினமும் நடக்கணும்ங்கறார், இவங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கறாங்க. நீங்க விசில் ஊதினா நாங்கல்லாம் எப்படி ஓடுவோம்! நீங்க சொன்னா கேப்பாங்க."

விசில் டீச்சருக்கு உள்ளே தேன் பாய்ந்தது. கடவுள் கடைசியில் கண்ணைத் திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, ஷூவைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கணக்கு டீச்சர் ஜன்னலோரம் மடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வாங்க, வாங்க. நீங்க என் சிநேகிதிதானே? பேருதான் வரல. முகம் நல்லாத் தெரியுது."

சிநேகிதியாம்! இவள் ஒருத்தி ராத்தூக்கம் கெட்டு வஞ்சத்தை வளர்த்திருக்கிறாள். அந்த அம்மாளோ கரும்பலகையைத் துடைக்கிற மாதிரி எல்லாவற்றையும் துடைத்துவிட்டுச் சிரிக்கிறார். செய்தது என்னவென்றே தெரியாத ஆளிடம் என்ன பழியை வாங்குவது? மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்டுவிடுவார், எதற்கென்று தெரியாமலே. அது யாருக்கு வேண்டும்?

மகனோடு டாக்டரைப் பார்க்கவும் போனாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும். மூச்சு வாங்கற அளவுக்கு வேகமா நடந்தா மூளைக்கு ரத்த ஓட்டம் நல்லா இருக்கும். ஞாபகத்தைப் பிடிச்சு வைக்கிற பகுதிக்கு அது நல்லது. உடம்பும் மனசும் சேர்ந்து வேலை செய்யற மாதிரி ஏதாவது குடுத்தா இன்னும் நல்லது."

"பழசெல்லாம் திரும்பி வருமா டாக்டர்? ஒண்ணு விடாம?"

"சத்தியம் பண்ண முடியாதும்மா. சிலது வரலாம். முயற்சி பண்ணிப் பாக்கலாம்."

விசில் டீச்சர் அங்கேயே தீர்மானித்துவிட்டாள். முதலில் இவரை நடக்கவிட்டு ஞாபகத்தை வரவழைப்பது. ஞாபகம் வந்ததும் பழி வாங்குவது. "உங்களை மாதிரி சிநேகிதி கிடைக்க அவங்க குடுத்து வச்சிருக்கணும்" என்றார் டாக்டர்.

மறுநாள் காலையிலிருந்து, கணக்கு டீச்சர் குடியிருந்த அடுக்குமாடி வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் போகும் சிமெண்ட் பாதையில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"முட்டி வலிக்குது டீச்சர்."

"பசங்களுக்கு பெஞ்சுல உக்காந்து உக்காந்து எங்கெங்க வலிச்சுதோ! நடங்க."

"எந்தப் பசங்க?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் நடக்கறோம். கையை வீசுங்க."

டாக்டர் சொன்ன அளவை மட்டும் அவள் தாண்டவில்லை. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டால் பழி என்ன ஆவது? மற்றபடி ஈவு இரக்கம் பார்க்கவில்லை. தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, கால் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னாள். சாக்பீஸைத் தன் கையில் பிடித்துக்கொண்டு நின்றதில் அவளுக்கு ஒரு தனி ருசி. பந்தைத் தூக்கிப் போட்டு, பிடிக்கிறபோதெல்லாம் ஒரு காயின் பெயரைச் சொல்லச் சொன்னாள், அடுத்த வாரம் பூவின் பெயர். கணக்கு டீச்சர் பந்தைப் பிடித்தால் பெயரை விடுவார், பெயரைப் பிடித்தால் பந்தை விடுவார். அவருக்கு வேர்த்து விறுவிறுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டே விசில் டீச்சர் மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்: இது ஏழாம் வகுப்பு பி பிரிவுக்கு. இது மழை விட்ட மறுநாள், பிள்ளைகள் அழுதுகொண்டு திரும்பிப் போனார்களே, அதற்கு.

முதலில் கணக்கு டீச்சருக்குத் தூக்கம் சரியாக வந்தது. பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத் தானே பெருமையாக வந்து சொன்னார். ஒருநாள் பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பூவின் பெயருக்குப் பதிலாகப் பேரன் பெயரைச் சொன்னார். மேலே பால்கனியில் நின்ற மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். விசில் டீச்சருக்கும் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. எல்லாம் பழி நெருங்குகிற சந்தோஷம்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தினமும் நடை முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பாள். "நம்ம ஸ்கூல்ல விளையாட்டு பீரியட் யாருது டீச்சர்?"

"தெரியலையே டீச்சர்."

வாய்ப்பாடு ஞாபகத்துக்கு வந்தது. பழைய தலைமையாசிரியரின் தும்மல்கூட வந்தது. அந்த மதியம் மட்டும் வரவில்லை. எல்லாம் வந்து அது ஒன்று மட்டும் வராமலே போய்விடுமோ என்று விசில் டீச்சர் பயந்தாள். நாளாக ஆக அந்த அம்மாள் வேறு "சிநேகிதி, சிநேகிதி" என்று ஒட்டிக்கொண்டார். அது அதைவிடப் பெரிய தொல்லையாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மகள் லீவுக்கு வந்தாள். நாள் முழுக்க ஆபீஸ் நாற்காலி, கழுத்து வலி, சாவி வைத்த இடம் ஞாபகம் இருப்பதில்லை. காலையில் அவளையும் இழுத்துக்கொண்டு போய்த் தொட்டி ஓரத்து பெஞ்சில் உட்கார வைத்தாள் அம்மா. மகள் போனை எடுத்துக்கொண்டாள்.

கணக்கு டீச்சர் கட்டங்களில் கால் மாற்றி வைத்துக்கொண்டு வந்தவர், பாதியில் அப்படியே நின்றார். பெஞ்சில் குனிந்திருந்த முகத்தையே பார்த்தார்.

"மூணாவது பெஞ்ச்" என்றார்.

விசில் டீச்சர் வாயிலிருந்த விசிலை எடுத்தாள்.

"பையில நீல ஷூ வச்சிருந்த. அதை நான் பாத்தேன்மா. பாத்தும் ரேஸுக்கு அனுப்பல. போர்ஷன் முடியலன்னா எச்.எம். திட்டுவாரேன்னு பயம். உங்க அம்மா வாசல்ல நின்னு கெஞ்சினாங்க." அதோடு நிறுத்தவில்லை. மூளையைப் பற்றிச் சொன்னதை, விசிலைப் பற்றிச் சொன்னதை, ஒரு எழுத்து மாறாமல் சொன்னார். "எல்லாரும் சிரிச்சீங்க. நீயும் சிரிச்ச. உங்க அம்மா முகம் போன போக்கைப் பாத்துட்டு நான் போர்டு பக்கம் திரும்பிக்கிட்டேன்." பிறகு விசில் டீச்சர் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார். "பெரிய தப்பு டீச்சர். என்னை மன்னிச்சிடுங்க."

இத்தனை வருஷம் காத்திருந்த பதில் விசில் டீச்சரின் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்வதற்கு முன்னால் மகளின் முகத்தை ஒருமுறை பார்க்க நினைத்தாள். அதற்காகத்தானே எல்லாம்.

மகள் போனிலிருந்து நிமிர்ந்து விழித்தாள். "அந்த ரேஸாம்மா? அது மழையில நின்னுபோச்சுல்ல?"

"மழையா?"

"அப்படித்தான் நினைச்சேன். நான் சிரிச்சேனா? ஒண்ணும் ஞாபகம் இல்லையே."

"நீ அன்னிக்கோட ஓட்டத்தை விட்டேடி!"

"எனக்கே அலுத்துப்போச்சும்மா, அதான் விட்டேன். ஏன், காலங்காத்தால பழசெல்லாம் கிளறிக்கிட்டு?" என்று சொல்லிக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு மறுபடி போனில் குனிந்தாள்.

அந்த மதியத்தை இந்த உலகத்தில் இன்னும் இரண்டே பேர்தான் ஞாபகம் வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் எதிரில் கை கூப்பிக்கொண்டு நின்றார், வேர்வையும் கண்ணீருமாக. நாக்கு நுனியில் இருந்த பதிலை அவரிடம் சொல்ல விசில் டீச்சருக்கு மனசு வரவில்லை. ஆனால் கோபம் துளிகூட இறங்கவில்லை. அது நிதானமாகத் திரும்பி பெஞ்சைப் பார்த்தது.

கணக்கு டீச்சர் ஆசிரியராகவே பிறந்தவர். நிலைமை அவருக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். "டீச்சர், நாளையிலேர்ந்து என் பீரியடை இவளுக்குக் குடுத்துடுங்க. என்னைவிட இவளுக்குத்தான் அவசரம்."

"கடன் குடுத்து நான் ஏமாந்ததெல்லாம் போதும் டீச்சர். உங்க பீரியட்ல நீங்க நடங்க. இவளுக்குத் தனியா வச்சிருக்கேன்" என்றாள் விசில் டீச்சர். பிறகு மகளின் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "எழுந்திரு."

"நானா? எதுக்கும்மா?"

"சிரிச்சது ஞாபகம் வர்ற வரைக்கும் நடக்கறதுக்கு."

"செருப்பு போட்டிருக்கேன்மா!"

"கழட்டிட்டு வா" என்று சொல்லி விசிலை வாயில் வைத்து, பள்ளிக்கூட மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி ஊதினாள். கணக்கு டீச்சர் கையை வீசிக்கொண்டு முன்னால் போனார். மகள் வெறுங்காலோடு, முதல் சுற்றிலேயே மூச்சிரைக்க, அவர் பின்னால் போனாள்.