மூன்றாம் தர அடக்கத்துக்கு வாத்தியம் கிடையாது

எங்கள் ஊர் மாதா கோயிலில், கட்டும் காசுக்கு ஏற்ப, சாவுக்கும் தரம் உண்டு. முதலாம் தர அடக்கத்துக்கு எல்லா மணியும் அடிப்பார்கள். மூன்றாம் தரத்துக்கு ஒற்றை மணி. செத்தவனுக்கு எது கேட்கும் என்று நான் கேட்டதற்குக் கன்னத்தில் விழுந்தது.

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலம். பள்ளிக்கூடப் பொடியன்கள் சிலர் தாங்களாகவே ஒரு வாத்தியக் குழு தொடங்கினார்கள். வயலின் ஒன்று, நசுங்கிய ஊதுகுழல்கள், சாராயப் பீப்பாயில் ஆட்டுத்தோல் கட்டிய பெரிய மேளம். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பழக்கமானது அதன் வேலி மட்டும், அதில் வலை காயப்போடுவேன். ஆனால் அந்த மேளத்தைச் சுமக்கும் தோள் படித்த ஒருவனுக்கும் இல்லை. வண்டிக்கு மாடு மாதிரி என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் போட்ட சட்டம் ஒன்றுதான்: ஊரில் யார் கேட்டாலும் வாசிப்போம், ஆள் பார்க்க மாட்டோம்.

அப்பா கரைவலை இழுப்பவர். ஒத்திகைக்கு வந்து மணலில் குந்துவார். "டேய், நான் செத்தா நீதான்டா அந்தப் பீப்பாய அடிக்கணும்."

"இப்பவே அடிக்கவா?" என்பேன்.

மாரி மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து செத்துப்போனார்.

வாத்தியங்களை மழைக்குப் பயந்து கோயில் பக்க அறையில் வைத்திருந்தோம். சாவி, கோயில் காரியம் பார்க்கும் மூப்பரிடம். குழுவின் தலைவனான வயலின்காரன் என்னோடு வந்தான்.

மூப்பர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "என்ன அடக்கம்?"

"மூணாம் தரம்." அதற்குமேல் கட்ட வீட்டில் ஒன்றுமில்லை.

"அதுக்கு வாத்தியம் இல்ல. இண்டைக்கு உனக்குத் தந்தா நாளைக்கு வலை இழுக்கிறவன் எல்லாம் கேப்பான்."

"வாத்தியம் எங்கட, ஐயா" என்றான் தலைவன்.

"அறை கோயிலுக்குச் சொந்தம். வாசிக்கிறதெண்டா வாயால வாசிங்க, போங்க."

அவரைக் கதிரையோடு தூக்கிக் களப்புத் தண்ணீரில் எறிந்திருப்பேன். தலைவன் என் இடுப்புச் சாரத்தைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"வா, வாயாலதான் வாசிக்கப் போறம்."

"பகிடியா?"

"பகிடி உன்ட வேலை. நான் சும்மா சொல்லமாட்டன்."

அப்பாவின் பெட்டி வீட்டிலிருந்து வெளிக்கிட்டது. வயலின்காரன் மூக்கால் ராகம் இழுத்தான். மற்றவர்கள் கையைக் குவித்து ஊதினார்கள். நான் "டும், டும்" என்றேன். சனம் சிரித்தது. நானும் அந்தப் பக்கம் நின்றிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு மட்டும், சிரித்த ஒவ்வொரு பல்லையும் உடைக்க வேண்டும் போலிருந்தது.

மூப்பர் வீட்டு வாசலில் தலைவன் நின்றான். பெட்டியும் நின்றது. கதவு சாத்தியிருந்தது. பாட்டை முதலிலிருந்து தொடங்கினோம். தொண்டை கிழிய அடித்தேன். சிரிப்பு அடங்கியது. பெட்டி தூக்கிய சித்தப்பா, "இன்னொருக்கா அடிங்கடா" என்றார். அடித்தோம். கதவு திறக்கவில்லை.

கோயில் திருநாளுக்கு ஆயர் வரப்போகிறார் என்றதும் மூப்பரே சாவியோடு வந்தார். "வாங்க தம்பிமார், மேற்றிராணியார் வாறார், வாசிக்கணும்."

"மூணாம் தரத்துக்கும் தாறதெண்டா வாறம்" என்றான் தலைவன்.

சாவியை மடியில் செருகிக்கொண்டு போனார். திருநாள் வாத்தியமில்லாமல் முடிந்தது. மேளத்தின் தோலைப் பூட்டிய அறைக்குள்ளேயே எலி தின்றதாம். தின்னட்டும்.