ஒரு கொறையும் இல்லைங்க

எங்கள் ஊர்க்காரர்களிடம் ‘என்ன குறை?’ என்று கேட்டு இதுவரை யாரும் உருப்படியான பதில் வாங்கியதில்லை. கூரை ஒழுகிக்கொண்டிருக்கும். முந்தின ராத்திரி பன்றி வந்து கிழங்குக் காட்டை உழுதுவிட்டுப் போயிருக்கும். வீட்டுக்காரர் குளிர்சுரத்தில் கம்பளிக்குள் சுருண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். விருந்தாளி ஒருவர் வந்து உட்கார்ந்து, ‘குறை ஒண்ணும் இல்லையே?’ என்று கேட்டால் போதும், கம்பளிக்குள்ளிருந்தே பதில் வரும்: “ஒரு கொறையும் இல்லைங்க.” வீடு தேடி வந்தவர் முன்னால் குறையைச் சொன்னால் அவரிடம் கையேந்தியதாகிவிடும் என்பது எங்கள் மலைக்காரர்களின் எண்ணம். அப்படிப்பட்ட ஊர் ஒரு தடவை சர்க்காருக்கு மனுப் போட்டது. அந்த மனுவை எழுதியவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

வெள்ளைக்காரன் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. கவுஞ்சி கிராமத்தைத் தாண்டி, ஒரு ஓடைக்கு அந்தப் பக்கம் இருபது வீடுகள். அதுதான் எங்கள் ஊர். பூண்டும் உருளைக்கிழங்கும் குளிரும் எங்கள் பக்கம். பள்ளிக்கூடம், ஜீப் வந்து நிற்கும் இடம், கோடைக்கானலுக்குப் போகும் பாதை, அங்கே இருந்த ஆஸ்பத்திரி எல்லாம் ஓடைக்கு எதிர்க்கரையில். சித்திரையில் பார்த்தால் அந்த ஓடையைக் கோழிகூட நனையாமல் தாண்டிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அதே ஓடை பாறைகளை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கும்.

அந்த ஓடைக்கு ஒரு பாலம் வேண்டும், அதுவும் மழைக்கு முன்னால் வேண்டும். இதுதான் ஊர்க் கோரிக்கை. அந்தக் கார்த்திகையில் எங்கள் வீட்டில் ஒரு பிரசவம் இருக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்குத்தான். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும், பாலம் வந்துவிடக் கூடாதே என்று மலையிலிருந்த அத்தனை சாமிகளையும் கும்பிட்டேன். ஓடையில் வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது. வருஷத்தில் பத்து, பதினைந்து நாள் தானாக வரும் விடுமுறையை எந்தப் பிள்ளை விட்டுக்கொடுக்கும்?

மனுவை என் கையால் எழுத வைத்தவர் கோடைக்கானல் பஜாரில் பூண்டு மண்டி வைத்திருந்த ராவுத்தர். எங்கள் ஊர்ப் பூண்டு முழுவதும் அவரிடம்தான் போகும். அதற்கு முன்னால் ஊருக்காக மூன்று மனுக்கள் எழுதித் தபாலில் போட்டவரும் அவர்தான். ஒன்றுக்கும் பதில் இல்லை. நாலாவது தடவை அப்பாவிடம் இரண்டு முழுத்தாளைக் கொடுத்துச் சொல்லி அனுப்பினார்: “என் கையெழுத்தப் பாத்தாலே பூண்டு யாவாரி தன் சோலிக்குப் பாலம் கேக்கான்னு ஓரமா வச்சிர்றாங்க. உங்க வீட்டுப் புள்ள நல்லா எழுதுமாமே, அதை விட்டு எழுதச் சொல்லுங்க. பச்சப் புள்ள எழுத்துன்னா என்னமோ ஏதோன்னு படிப்பாங்க. ஒண்ணே ஒண்ணு, பாலத்தப் பத்தி மட்டும் எழுதுங்க.”

பெரியப்பா வீட்டு முற்றத்தில் ஊரே கூடியது. அப்பாவுக்கு அண்ணன் அவர், ஊருக்கும் பெரியவர். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. ‘கனம் தாசில்தார் அவர்கள் சமூகத்துக்கு’ என்று ஆரம்பித்து, அடுத்த மூச்சிலேயே பாலம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். காகிதத்துக்கு முகம் கிடையாதே, அதன் முன்னால் எங்கள் ஆட்களுக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. பன்றித் தொல்லையை எழுது என்றார் ஒருவர். விதைக்கிழங்கு அழுகிப் போனதை எழுது என்றார் இன்னொருவர். வாத்தியார் வெள்ளிக்கிழமை பழனிக்கு இறங்கினால் புதன்கிழமைதான் மலையேறுகிறார் என்று ஒருவர் சொன்னார். இத்தனை நல்ல வாத்தியாரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசே இல்லை, இருந்தாலும் எழுத வேண்டியதாயிற்று. மூன்றாவது வீட்டுக்காரர், தன் மச்சான் இரவல் வாங்கிப் போன காளையைத் திருப்பித் தரவில்லை என்றும் எழுதச் சொன்னார். பெரியப்பா அதையும் சேர்த்துக்கொண்டார்.

எழுத்தைக் கோணலாக்கிவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், பாலமும் வராது என்று நடுவில் ஒரு யோசனை வந்தது. ஆனால் என் கையெழுத்தில் எனக்கு அப்போதே ஏகப்பட்ட கர்வம். ஒரு வரியைக் கோணலாக எழுதிப் பார்த்தேன், பார்க்கச் சகிக்கவில்லை. மறு வரியிலிருந்து முன்னைவிட அழகாக எழுதினேன்.

கையெழுத்துப் போடத் தெரிந்தவர் பெரியப்பா மட்டும்தான். மற்றவர்களுக்குக் கட்டைவிரல். விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து ஆண்கள் எல்லோரும் வரிசையாக விரல் பதித்தார்கள். மூன்று நாளைக்கு ஊரில் ஒருவர் விரலிலும் கரி போகவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு, நான் தாளை விசிறி உலர்த்திக்கொண்டிருக்கும்போது அம்மா வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, இடம் இருக்கிறதா என்று கேட்டாள். அடியில் ஒரு விரற்கடை இருந்தது.

“ஒரு வரி எழுது. முந்தா வருசம் ஐப்பசியில ரெண்டு நாள் தண்ணி வடியல.”

“அவ்வளவுதானாம்மா?”

“அவ்வளவுதான்.”

எனக்கு அது வரியாகவே படவில்லை. ஐப்பசியில் தண்ணீர் வடியாதது ஊருக்கே தெரிந்த விஷயம். எந்த ரெண்டு நாள் என்று கேட்டேன். “நீ பழனியில மாமா வீட்டுல இருந்தியே, அப்ப” என்றாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மாமா அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தார். சூரசம்ஹாரக் கூட்டத்தில் கடையில் நிற்க இடமில்லை. யாரும் கவனிக்காமல் நான் வழித்து வழித்துத் தின்ற நாட்கள் அவை. சிரித்துக்கொண்டே எழுதினேன். அம்மா குனிந்து கரியில் விரலைத் தொட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் அழுத்தினாள்.

“பொம்பளைங்க யாரும் வைக்கலயேம்மா.”

“வைக்கக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

“சொல்லல.”

“அப்பறம் என்ன?” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இந்தத் தடவை பதில் வந்தது. வைகாசி கடைசியில் தாசில்தாரே நேரில் வந்து பார்ப்பார் என்று கடிதம். ராவுத்தர் அதை மண்டிக்கு வந்தவர்களிடமெல்லாம் படித்துக் காட்டினாராம். ஊர் தலைகால் புரியாமல் ஆடியது. பெரியப்பா முதல் காரியமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போய், தாசில்தாரின் பூட்ஸ் நனையாமல் தாண்டும்படி தட்டைக் கற்களாகப் பார்த்து இழுத்துப் போட்டார். அப்பா அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு அவருக்கே பொறுக்கவில்லை.

“அண்ணே, அவரு நனையட்டும்ணே. நனைஞ்சாத்தான தெரியும்.”

“ஏலே, வீடு தேடி வர்ற மனுசன் கால நனைய விடுவியா? நாலு பேரு என்ன நெனப்பாங்க?”

தாசில்தார் கவுஞ்சி வரை ஜீப்பில் வந்து, அங்கிருந்து மட்டக்குதிரையில் ஓடை வரைக்கும் வந்து, கற்களின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் தாண்டினார். கூடவே ஒரு குமாஸ்தாவும் டவாலி போட்ட பியூனும். வெள்ளனே அடித்துக் குழம்பு வைத்திருந்த கோழியைப் பார்த்து, தான் சைவம் என்றார் தாசில்தார். பெரியப்பாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. அம்மா அரைமணி நேரத்தில் பூண்டுக் குழம்பும் கிழங்கு வறுவலும் செய்து நிலைமையைக் காப்பாற்றினாள். தாசில்தார் மூன்று தடவை குழம்பு கேட்டு வாங்கினார். கோழி முழுவதையும் பியூன் ஒருவராகவே பார்த்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்தது, வெற்றிலையும் வந்தது. தாசில்தார் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்து பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டார்: “ஊர் ரொம்ப நல்லா இருக்கு. அப்புறம், உங்களுக்கெல்லாம் என்ன குறை?”

பெரியப்பா கைகூப்பினார். “ஐயா புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லைங்க.”

சுற்றி நின்ற இருபது வீட்டு ஆண்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். காளையைப் பறிகொடுத்தவர்தான் எல்லோரையும்விட வேகமாக ஆட்டினார்.

குமாஸ்தா எழுதிக்கொண்டார். எழுதியதை உரக்க வாசித்தார்: ‘குறை ஏதும் இல்லை என்று கிராமப் பெரியவர் வாக்குமூலம்.’ அப்போதுதான் பெரியப்பாவின் முகம் வெளுத்தது. ஆனால் சொன்னதை எப்படி மாற்றுவது? விருந்தாளியிடம் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வதா? குமாஸ்தா பேனாவை நீட்டினார். நீட்டியதை வாங்காமலிருப்பதும் மரியாதை இல்லையே. பெரியப்பா வாங்கிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தூணுக்குப் பின்னால் நின்ற எனக்கோ குதிக்க வேண்டும் போலிருந்தது. பாலம் இல்லை. ஐப்பசி முழுக்க விடுமுறை.

தாசில்தார் எழுந்திருக்கப் போனார். போகிற போக்கில் எங்கள் மனுவை ஒரு தடவை புரட்டினார். பன்றியும் காளையும் தாண்டி, கடைசி வரியில் அவர் கண் நின்றது.

“‘முந்தா வருஷம் ஐப்பசியில் இரண்டு நாள் தண்ணீர் வடியவில்லை.’ இது என்ன? பக்கத்துல சின்னதா ஒரு விரல் ரேகை. யாரோடது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா சொல்லித்தான் எழுதினேன் என்றேன். அடுப்படி வாசலில் மோர்ச் செம்போடு நின்றிருந்த அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“என்னம்மா, உங்களுக்குக் குறையா?”

“எனக்கு ஒரு கொறையும் இல்லைங்க. தண்ணி வடியலன்னுதான் எழுதச் சொன்னேன்.”

“ரெண்டு நாள் வடியலைன்னா என்ன?”

“ஆஸ்பத்திரிக்குக் கெளம்பி வந்து, இந்தக் கரையிலயே ரெண்டு நாள் கெடந்தேனுங்க. மூணாம் நாள் வெள்ளனே வடிஞ்சிருச்சு. அப்பப் போறதுக்குச் சோலி இல்ல, திரும்பி வந்துட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் ஒரு ஏற்ற இறக்கம் இல்லை. செம்பைத் தாசில்தார் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சோலி இல்லையென்றால் நல்லதுதானே, அதற்கு ஏன் பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

தாசில்தார் மோர்ச் செம்பை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு குமாஸ்தாவிடமிருந்து அந்த வாக்குமூலத்தை வாங்கி, நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது அங்கிருந்து எந்த ஆபீஸுக்கும் போனதாகத் தெரியவில்லை. நேரே ஓடைக்கு நடந்தார். பெரியப்பா போட்ட கற்களை விட்டு விலகி, பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்றார்.

“மழைக்காலத்துல எதுவரைக்கும் வரும்?”

“அதெல்லாம் ஒண்ணும்...” என்று பெரியப்பா பழக்கத்தில் ஆரம்பித்தார். அப்பா வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அண்ணன் பேச்சை வெட்டி, கரையிலிருந்த மரத்தைக் காட்டினார். தாசில்தாரின் தலைக்கு மேலே, கிளைக் கவட்டையில், வெள்ளம் கொண்டுவந்து செருகிய சுள்ளியும் சருகும் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. குமாஸ்தா ஓடையோரப் பாறையில் உட்கார்ந்து புதிதாக எழுத ஆரம்பித்தார்.

புரட்டாசி முடிவதற்குள் மரப்பாலம் வந்துவிட்டது. பெரிய மரங்களைக் குறுக்கே போட்டு, மேலே பலகை அடித்து, பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி வடம். கல்பாலத்துக்கு இன்னும் பல வருஷம் ஆனது, அது வேறு கதை. அந்த மழைக்காலம் முழுவதும் ஒரு நாள்கூட விடுமுறை இல்லை. பலகைக்கு அடியில் வெள்ளம் வாயைப் பிளந்துகொண்டு ஓடும், நான் மேலே வாய்ப்பாட்டை முனகிக்கொண்டு போவேன். வாத்தியாரும் மனுவில் பேர் வந்த பயத்தில் திங்கட்கிழமை காலையிலேயே மலையேறிவிடுவார். என் கையால் என் தலையிலேயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்று குமுறினேன்.

கார்த்திகையில், ஓடை கரைபுரண்டு போய்க்கொண்டிருந்த ஒரு காலையில், அம்மா அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாலத்தில் நடந்து போனாள். பதினைந்து நாள் கழித்துத் தம்பியோடு திரும்பி வந்தாள். ஊரே இந்தக் கரையில் நின்றது. ராவுத்தர் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொடுத்து அனுப்பியிருந்தார். எனக்குத் தம்பியைவிட அதன் மேல்தான் கண்.

எனக்கும் இந்தத் தம்பிக்கும் நடுவில் இன்னொரு தம்பி இருந்தான் என்பது, என் முதல் பிரசவத்துக்கு நான் அதே ஓடையைத் தாண்டிப் போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. நான் பழனியில் பஞ்சாமிர்தம் தின்றுகொண்டிருந்த அந்த இரண்டு நாளில், ஓடைக்கரையில், மழையில், கம்பளிக்கு அடியில் பிறந்து, தண்ணீர் வடிவதற்குள் போய்விட்டானாம். கரையிலேயே, அந்த மரத்துக்குக் கீழேதான் வைத்தார்களாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மனுவில் அதை எழுதச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அம்மாதான் சொன்னாள், அதுவும் தண்ணீரைப் பற்றி மட்டும்.

அன்றைக்குத் தம்பியை ஏந்திக்கொண்டு பாலத்தில் வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். கீழே தண்ணீரைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. கரையிலிருந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“வெரசா வாம்மா. அங்க என்னத்தப் பாக்குற? என்னம்மா கொறை உனக்கு?”

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஒரு கொறையும் இல்லடி” என்றாள்.

நானும் அதை அப்படியே நம்பி, பேரீச்சம்பழப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு முன்னால் ஓடினேன்.