இரண்டு நாள் காய்ச்சல்

காலர்க்காரியை மூடநம்பிக்கை பிடித்தவள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த மிஷினில் உட்கார்ந்து தைப்பவள் நான். எனக்குத் தெரியாததா?

எங்கள் சட்டைக் கம்பெனியில் காலர் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. புருஷன் விட்டுவிட்டுப் போனபின், கைக்குழந்தையைக் கம்பெனியின் குழந்தைகள் அறையில் படுக்கவைத்துவிட்டுத் தைத்தாள். மகளுக்கு முதல் தடுப்பூசி போட்டதும் இரண்டு நாள் காய்ச்சல். காய்ச்சல் பிள்ளையை அந்த அறையில் சேர்க்க மாட்டார்கள். வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டு திரும்பினால், அவள் மிஷினில் வேறொருத்தி. சூப்பர்வைசர் இவளை நூல் பிசிறு வெட்டப் போட்டார், பாதிச் சம்பளத்துக்கு. கெஞ்சிக் கூத்தாடித்தான் மிஷினைத் திரும்ப வாங்கினாள்.

அப்புறம் தட்டம்மை ஊசிக்கு நாள் வந்தது. காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே இரண்டு நாள் லீவு கேட்டாள்.

"லைன் நின்னா உங்கப்பனா வந்து பதில் சொல்லுவான்?" என்றார் சூப்பர்வைசர்.

இந்த ஆர்டர் போகட்டும் என்று தள்ளிப்போட்டாள். அது போனதும் அடுத்தது வந்தது. வீடு தேடி வந்த நர்ஸம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. ஊசி போட்டால் பிள்ளைக்குப் பேச்சு வராதாமே என்று, போனில் சுற்றிய கதையை எடுத்துவிட்டாள். அது பொய் என்று நர்ஸம்மா பொறுமையாக விளக்கினார். பொய் என்று இவளுக்கும் தெரியும். லீவு கிடைக்குமா என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் லீவு அவர் கையிலா இருக்கிறது?

குழந்தைகள் அறையில் தட்டம்மை பரவியது. மகளுக்கும் வந்தது, மூளை வரைக்கும் போனது. பிழைத்தாள். ஆனால் காது இரண்டும் போய்விட்டது. காது கேட்காத பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்து வரும்?

போன வாரம் கம்பெனியில் கூட்டம் போட்டு, வதந்தியை நம்பித் தாய்மார்கள் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள் என்று பேசினார்கள். முன்வரிசையில் சூப்பர்வைசர் கைதட்டினார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

கூட்டம் முடிந்ததும் அவர் காலர்க்காரியின் மிஷின் பக்கம் வந்தார். குரலில் தேன்.

"எத்தனை நாள் வேணும்னாலும் லீவு எடுத்துக்கம்மா."

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்குக் கேட்ட ரெண்டு நாளைக் குடுங்க சார். அது போதும்."