மூன்றாவது சிவப்புக் கோடு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது என் அக்காவுக்குப் பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் விழுந்து விழுந்து சிரிக்கிறவள் அவள்.

ஒரே குடும்பம் நான்கு தலைமுறையாக நடத்தும் வங்கியில் அவளுக்கு வேலை. அடித்தளத்தில் இருக்கும் பழைய கடிதங்கள், படங்கள், பதிவேடுகள் எல்லாம் அவள் பொறுப்பு. அங்கே கையெழுத்துப் புத்தகம் என்று ஒன்று உண்டு. முதலாளி இறந்தால் அதில் உள்ள அவர் கையெழுத்தைச் சிவப்பு மையால் குறுக்கே அடிக்க வேண்டும். அடிக்கும்வரை அவர்தான் முதலாளி. அடித்த பிறகுதான் மகன் அந்த நாற்காலியில் உட்காரலாம்.

அன்று முதலாளியின் மகன் இன்டர்காமில் கூப்பிட்டார். "அப்பா போயிட்டாரு. நாலு மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள அடிச்சுக் கொண்டு வாங்க."

வேலை கேட்டு வந்த அன்று அக்காவை உட்காரவைத்துப் பேசியவர் அந்தப் பெரியவர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிடுவார் என்றுதான் நம்பியிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டாள். மணி 3:05.

சரக்... சரக்... சரக்...

நிப் காகிதத்தில் உரசும் சத்தம். அலமாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். ஈ காக்காய் இல்லை.

திரும்பி வந்தால், கோட்டுக்குக் கீழே அதே கையெழுத்து. மை காயவில்லை.

நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டு அதையும் அடித்தாள். 3:12.

சரக்... சரக்...

இந்த முறை கண்ணெதிரே. பேனா இல்லை. கை இல்லை. எழுத்து மட்டும் கோணல்மாணலாக ஊர்ந்து வந்தது...

இன்டர்காம் அலறியது. "இன்னுமா முடியல? வேலை வேணுமா, வேணாமா?"

3:19. மூன்றாவது கோடு.

சர...

நின்றுவிட்டது.

புத்தகத்தை மகனின் மேசையில் போட்டுவிட்டு, பெரியவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நர்ஸ் அப்போதுதான் குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கே இன்னும் சொல்லவில்லை என்றாள்.

எப்போது உயிர் போனது என்று அக்கா கேட்டாள்.

"மூணு பத்தொன்பது. காலையிலேர்ந்தே நினைவில்ல. ஆனா கடைசியில வலது கை மட்டும் போர்வை மேல எழுதிச்சு மேடம். ரெண்டு தடவை முழுசா. மூணாவது தடவை ஆரம்பிச்சாரு... முடிக்க விடல."

"யாரு விடல?"

நர்ஸ் பெரியவரின் வலது கையைத் திருப்பிக் காட்டினாள். மணிக்கட்டின் குறுக்கே, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் மூன்று சிவப்புக் கோடுகள்.