வலப்பக்கம் உழுதவன்

அச்சுக்கு முட்டுக்கொடுத்து, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அதன் நடுவிலுள்ள குடத்தருகே காது வைத்துக் கேட்பான் வைரக்கண்ணு. "முனகுது மாப்ள. இன்னுங் கொஞ்சம் எண்ணெ விடு" என்பான். வண்டியோடு துணைக்கு ஓடும் சாமிதுரை காது வைத்தால் ஒன்றும் கேட்காது. ஆனாலும் எண்ணெய் விடுவான்.

வைரக்கண்ணுவின் தாத்தாவும் அப்பா ரெத்தினமும் பந்தய வண்டி ஓட்டியவர்கள். மாடு பெரிய பண்ணையுடையது. ஜெயித்தால் மைக்கில் பண்ணையின் பெயர். ஓட்டியவருக்கு ஒரு வேட்டி. அறுவடைக் கூலிக்காக விவசாயச் சங்கத்தோடு நின்ற வருடம், ரெத்தினத்தை வண்டியை விட்டு இறக்கினார்கள். பிறகு நில உச்சவரம்புச் சட்டத்தில் கொஞ்சம் நிலம் வந்தது. அதை உழ வாங்கிய மாட்டுச் சோடியைத்தான் வைரக்கண்ணு பொங்கல் பந்தயத்தில் பூட்டினான். "அப்பா பேர மைக்குல சொல்ல வக்கிறேன் பாரும்மா" என்று அம்மா அம்சத்திடம் சொல்லிவிட்டுப் போனான்.

வண்டிகள் சுற்றித் திரும்ப வேண்டிய கொடிக்கல்லில் எல்லா வண்டியும் வலப்பக்கம் திரும்ப, அவனுடையது இடப்பக்கம் திரும்பிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. உழவு மாடு, ஏரில் இடப்பக்கமே திரும்பிப் பழகியது.

"ஏர் ஓட்ட வந்தியா, வண்டி ஓட்ட வந்தியாடா?" என்று ஏசியது கூட்டம்.

அந்தப் பருவம் முழுக்க வயலை வலப்பக்கமாகச் சுற்றி உழுதான். ரெத்தினம் வரப்பில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "ஊரே வேடிக்க பாக்குதுடா."

"பாக்கட்டும்ப்பா. மாடு கத்துக்குதுல்ல?"

மறு பொங்கல், திருத்துறைப்பூண்டி சாலை. மாடுகள் வலப்பக்கம் திரும்பின. கொடிக்கல்லை அவ்வளவு ஒட்டி அதுவரை யாரும் திரும்பியதில்லை. வெளியே தொங்கிய அவன் வலது கால் கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நசுங்கியது. சாமிதுரை மட்டும் பார்த்தான்.

"மாப்ள, காலு!"

"வாய மூடிக்கிட்டு ஓடு."

முதலில் வந்தான். மைக்குக்காரர் பழக்கதோஷத்தில், "பெரிய பண்ணை மாடு!" என்றார்.

வைரக்கண்ணு வண்டியைச் சாலைக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தினான். அடுத்த பந்தயத்துக்கு மாடுகள் பூட்டி நின்றன. "வண்டிய நவுத்துடா!" என்று கூட்டம் கத்தியது.

"பேரத் திருத்திச் சொல்லச் சொல்லுங்கண்ணே. நவுத்துறேன்."

வசவு வந்தது. மண்ணாங்கட்டி வந்தது. அவன் அசையவில்லை. கடைசியில் மைக் இருமியது. "திருத்தம். முதல் பரிசு, ரெத்தினம் மாடு. ஓட்டி வந்தவர் அவர் மகன் வைரக்கண்ணு."

அவன் ஓட்டிய பந்தயங்கள் அந்த இரண்டுதான். அன்று அது யாருக்கும் தெரியாது. அவன் குடியிருந்த தெற்குத் தெருவே விசிலடித்தது. ரெத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"எறங்குடா ராசா!"

"இருங்கப்பா" என்றான். குனிந்து, இரண்டு கைகளாலும் தன் வலது காலைத் தூக்கி, மெதுவாக வண்டிக்கு வெளியே வைத்தான்.