ஆரணி தன் கையால் உண்ட ஐந்து வாய்

மைக்ரோவேவ் கதவைத் திறந்ததும் நெய்யும் பருப்பும் சேர்ந்த சோற்றின் வாசம் அறை முழுவதும் பரவும். சீஸ் சான்ட்விச்சும் நறுக்கிய ஆப்பிளும் நிறைந்த அந்த மேசையில் எனக்குப் பழக்கமான வாசம் அது ஒன்றுதான்...

நண்பர்களே, இது பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய கதை. நான் புலம்பெயர்ந்து வந்த ரோவில் என்ற ஊரில், ஒரு குழந்தைகள் காப்பகத்திற்கு நான் வேலைப் பயிற்சிக்காகச் சென்றுவந்த நாட்கள். ஊரில் சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுபோன பள்ளிப் படிப்பை, நூலகத்தில் இரவல் பெற்ற புத்தகங்களைக் கொண்டு நானே தொடர்ந்தேன். ஆங்கிலமும் அவ்வாறு கற்றதே. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, பெருமையே உண்டு.

அந்தச் சோற்றுப் பெட்டி ஆரணியுடையது. இரண்டு வயது; காப்பகத்திற்குப் புதியவள். கரண்டியைக் கையில் கொடுத்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். சோறு ஆறிப்போகும்.

நடக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு அங்கே எவரும் ஊட்டுவதில்லை; தாமே உண்ணப் பழக வேண்டுமாம். தூக்குவதற்குக்கூட, "உன்னைத் தூக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுச் சற்றுக் காத்திருப்பார்கள். அறைப் பொறுப்பாளர் ஹெலன் ஆறு மாதக் குழந்தையிடம் அவ்வாறு அனுமதி கேட்டபோது, நான் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்திருக்கிறேன்.

திங்கள், செவ்வாய், புதன்... என்னுடைய மூன்று நாட்களிலும், ஹெலன் அப்பால் திரும்பும் வேளை பார்த்து ஆரணிக்குச் சோற்றை ஊட்டினேன். பெற்றோருக்கான குறிப்பேட்டில், "ஆரணி முழுவதும் உண்டாள்" என்று அழகிய எழுத்தில் எழுதினேன். அவளுடைய தாய் தர்ஷினி அதை வாசித்து முகம் மலர்ந்தார்.

அடுத்த திங்கட்கிழமை ஹெலன் என்னை அழைத்தார். நான் வராத வியாழனும் வெள்ளியும் ஆரணி ஒரு பருக்கையும் தொடவில்லையாம். வாயைத் திறந்தபடி, சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்...

"ஏனென்று உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் பயிற்சி நிறைவுற ஹெலனின் கையெழுத்து வேண்டும். ஆனால் வாயைத் திறந்து காத்திருந்த பிள்ளை என் கண்ணுக்குள் நின்றாள். உண்மையைச் சொன்னேன்.

மனத்துக்குள் மும்முறை அடுக்கிப் பார்த்த ஆங்கில வாக்கியமொன்றையும் சேர்த்துக்கொண்டேன். அவள் வீட்டார் கையால் உண்பவர்கள். பழகாத கரண்டியைக் கொடுத்துவிட்டு, தானே உண் என்று எதிர்பார்ப்பது முறையா?

ஹெலன் ஆரணியின் கரண்டியை எடுத்து அப்பால் வைத்தார். "நீயும் உன் சாப்பாட்டோடு பக்கத்தில் உட்கார். கையால் சாப்பிடு. ஆனால் அவளுக்கு ஊட்டாதே."

அன்றும் ஆரணி வாயைத் திறந்தாள்.

"அன்ரி பக்கத்திலைதான் இருக்கிறன், குஞ்சு. நீங்களே எடுத்துச் சாப்பிடுங்கோ" என்றேன்.

அழுதாள். உண்ணவில்லை. என் சோறும் பெட்டியிலேயே மிஞ்சியது.

மாலையில் தர்ஷினி குறிப்பேட்டைப் பார்த்துத் திடுக்கிட்டார். "நீங்கள் வந்தாச் சாப்பிடுவாள் எண்டெல்லோ நினைச்சனான், அன்ரி!"

நான் ஊட்டியதை அவரிடமும் ஒப்புக்கொண்டேன். "நான்தான் களவாத் தீத்தினனான், தர்ஷினி. அதை எழுதேல்லை. பிழை என்னிலை."

"அப்ப இண்டைக்கும் தீத்தியிருக்கலாமே! பிள்ளை பட்டினி கிடக்கிறதோ?"

"நான் இல்லாத ரெண்டு நாளும் அவள் வாயைத் திறந்துகொண்டு இருந்தவளாம்..."

தர்ஷினி பிள்ளையின் காலில் சப்பாத்தை மாட்டினார். வாசலில் நின்று திரும்பினார். "வீட்டிலை ரீவியைப் போட்டுட்டு ஒண்டரை மணித்தியாலம் தீத்துறனான். படம் முடிஞ்சாலும் சோறு முடியாது." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ரெண்டு நாள் பாப்பம்."

செவ்வாயன்று ஆரணி சோற்றில் ஒரு விரலை வைத்து எடுத்தாள். அவ்வளவுதான்.

புதன்கிழமை, நான் உண்பதைப் பார்த்தவாறே கைநிறைய அள்ளினாள். பாதி சட்டையில், கொஞ்சம் தலைமயிரில், மீதி வாயில். பிறகு இன்னும் நான்கு தடவை. ஐந்தாவது வாய் முடிந்ததும் பெட்டியைத் தள்ளிவிட்டாள். போதுமாம்! "இன்னும் ஒரு வாய்" என்று நாநுனிவரை வந்த சொல்லை நான் விழுங்கிக்கொண்டேன்.

"ஐந்து வாய். தன் கையால்." நான் எழுதியவற்றுள் மிகச் சிறந்த வாக்கியம் அதுவென்றே இன்றும் கருதுகிறேன்.

மறுநாள் வியாழன். நான் வீட்டில் இருந்தேன். மனம் அந்த மேசையில் இருந்தது. பிற்பகல் ஹெலன் தொலைபேசியில் அழைத்தார். ஆரணி உண்டாளாம்... நான் இல்லாமலே.

இன்று அதே அறைக்கு நானே பொறுப்பாளர். குழந்தைகளைத் தூக்குமுன் அனுமதி கேட்கிறேன், எவரும் சிரிப்பதில்லை. குறிப்பேடுதான் போய்விட்டது. இப்போது ஆப் எனும் செயலியில் "முழுவதும்", "பாதி", "இல்லை" என்ற மூன்றில் ஒன்றைத் தொட்டால், செய்தி பெற்றோரின் கைபேசிக்குச் சென்றுவிடும். வசதிதான். ஒரு வாக்கியம் எழுத இடமில்லையே என்ற சிறு ஏக்கம் மட்டும் எனக்கு உண்டு.

சென்ற வாரம் ஓர் இளந்தகப்பன் மகளை அழைத்துப்போக வந்தார். "பாதி" என்று ஆப் அறிவித்திருந்தது. ஆயினும் அவர் புறப்படவில்லை.

"ஆப்பிலை பாத்தனான், அன்ரி. எண்டாலும்... எப்பிடிச் சாப்பிட்டவள்?"

அவர் உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, முதல் வாயிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.